எறும்புப் பறவை எறும்பு தின்னாது, பர்மாவுக்கும் வராது

பெகு யோமா ஓரத்துத் தோட்டத்திலோ தவாய்ப் பக்கத்து ரப்பர்க் காட்டிலோ தரையில் தத்தித் தத்திப் போகும் பழுப்பு நிறக் குருவி ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடிக்கிறீர்கள். பறவை அடையாளம் சொல்லும் செயலியில் அதைப் போட்டால் சில நேரம் 'ஆன்ட்பேர்ட்' என்றோ 'ஆன்ட்பிட்டா' என்றோ பதில் வருகிறது. அது அப்படியே தமிழில் 'எறும்புப் பறவை' ஆகி, கைக்குக் கை மாறி ரங்கூன் வந்து சேர்வதற்குள் 'எறும்பு தின்னும் அபூர்வப் பறவை பர்மாவில் கண்டுபிடிப்பு' என்று வளர்ந்துவிடுகிறது.

இதில் தப்பு ஒன்று இல்லை, இரண்டு. எறும்புப் பறவைக்கு எறும்பு முக்கிய உணவில்லை. பர்மாவில் அந்தக் குடும்பத்துப் பறவை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பின்னால் 150 வருஷத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது, அதில் பர்மாவுக்கும் பங்கு உண்டு. அதனால் அடியிலிருந்தே வருவோம்.

எறும்புப் பறவை என்றால் யார்?

பறவையியலில் தாம்னோஃபிலிடே என்று ஒரு குடும்பம். 230க்கும் மேற்பட்ட வகைகள். மெக்சிகோவின் தென்பகுதியில் தொடங்கி அர்ஜென்டினாவின் வடபகுதி வரைக்கும், அதிலும் அமேசான் காட்டில்தான் கூட்டம் அதிகம். எல்லாமே சின்னதிலிருந்து நடுத்தர அளவு வரையிலான பறவைகள், பெரும்பாலும் காட்டின் கீழ்த்தட்டில், அதாவது தரைக்கும் நம் தலைக்குச் சற்று மேலே உள்ள கிளைகளுக்கும் நடுவில் வாழ்பவை. வலசை போவதில்லை. பல வகைகள் ஓர் அகலமான ஆற்றைத் தாண்டவே யோசிக்கும், கடலைத் தாண்டி நம்மிடம் வருவது எப்படி?

தமிழில் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம், நமக்கு 'எறும்புதின்னி' என்ற சொல் ஏற்கெனவே பழக்கம். அழுங்கைத்தான் அப்படிச் சொல்கிறோம், அது உண்மையிலேயே எறும்பும் கறையானும் தின்று வாழ்கிறது. அதே வார்ப்பில் எறும்புப் பறவையையும் வைத்துப் பார்த்துவிடுகிறோம். சரியான உவமை வேறு இருக்கிறது: உண்ணிக்கொக்கு. தட்டோன் பக்கத்து வயலில் மாடு மேயும்போது அதன் காலடியில் வெள்ளைக் கொக்குகள் நடந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடு கால் வைக்கும் இடத்தில் வெட்டுக்கிளி எழும்பும், கொக்கு கொத்தும். உழவுக்குப் பின்னால் நாகணவாய் வருவதும் இதே கணக்குதான். எறும்புப் பறவைக்கு எறும்புதான் மாடு.

மாட்டுக்குப் பதிலாக எறும்புப் படை

இந்த 'மாடு' எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் பறவை புரியும்.

ஈசிடன் புர்செல்லி என்று ஒரு படையெறும்பு, மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. ஒரு கூட்டத்தில் சில லட்சம் எறும்புகள். நம் வீட்டு எறும்பு மாதிரி ஒற்றை வரிசையில் போகாது, விசிறி விரித்த மாதிரி பல மீட்டர் அகலத்தில் காட்டுத் தரையையே மூடிக்கொண்டு நகரும். சருகுக்கு அடியில் பதுங்கியிருந்த கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி, தேள், சின்னப் பல்லி எல்லாம் உயிர் பிழைக்க வெளியே பாயும். எறும்பிடமிருந்து தப்பியது பறவையின் வாயில் போய் விழும். பறவைகள் தரையில் நிற்பதில்லை, நின்றால் எறும்பு காலில் ஏறிவிடும், அதனால் தரையிலிருந்து ஓரடி இரண்டடி உயரத்தில் செங்குத்தான தண்டுகளைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும், இரை தெரிந்ததும் கீழே குதித்துக் கவ்விக்கொண்டு திரும்ப ஏறிவிடும்.

அந்த இடத்தில் வரிசை ஒழுங்கு ஒன்றும் உண்டு. உருவத்தில் பெரியது படையின் முன்வரிசைக்கு நேர் நடுவில், அதுதான் நல்ல இடம். அடுத்த அளவு அதற்கு வெளியே. சின்னது ஓரத்தில் கிடைத்ததைப் பொறுக்கும். பறவைகளின் எச்சத்தைத் தேடிச் சில பட்டாம்பூச்சிகளும் பின்னால் வரும், எச்சத்தில் உள்ள சத்து அவற்றுக்குத் தேவை. ஓர் எறும்புப் படையை நம்பி இத்தனை பிழைப்பு.

இதில் கவனிக்க வேண்டியது படையெறும்பின் நாள்கணக்கு. அந்தக் கூட்டத்துக்கு நிரந்தரப் புற்று கிடையாது. எறும்புகளே காலோடு கால் கோத்துக்கொண்டு, ராணியையும் குஞ்சுகளையும் உள்ளே வைத்து, உயிருள்ள ஒரு கூடாரமாகத் தொங்கும். புழுக்கள் வளரும் சுமார் 15 நாள் தினமும் படையெடுப்பு, பெரும்பாலும் தினமும் இடமாற்றம். புழுக்கள் கூட்டுப்புழு ஆனதும் பசி குறைந்து, சுமார் 20 நாள் ஒரே இடத்தில் கிடக்கும், பல நாள் வெளியே கிளம்பவே கிளம்பாது.

இப்போது பறவையின் இடத்திலிருந்து யோசியுங்கள். ஒரே ஒரு எறும்புக் கூட்டத்தை நம்பினால் அந்த 20 நாளில் பட்டினிதான். அதனால் அது பல கூட்டங்களின் இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, காலையில் போய் எறும்புக் கூடாரத்தை எட்டிப் பார்த்து, இன்று கிளம்புகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும். இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும். பல கூட்டம் வேண்டும் என்றால் பரந்த காடு வேண்டும். இந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்னொரு திருத்தம். இந்த 230க்கும் மேற்பட்ட வகைகளில் எறும்புப் படையையே முழுநேரத் தொழிலாக வைத்திருப்பவை 20க்கும் குறைவு. மற்றவை வழியில் படை குறுக்கிட்டால் சேர்ந்துகொள்ளும், அல்லது எட்டியே பார்க்காமல் இலைக்கு இலை பூச்சி தேடித் தின்னும். எறும்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எறும்புப் பறவைகள்தான் அதிகம் என்பது இந்தப் பெயரின் லட்சணம்.

பெயர் எப்படி நம் பக்கம் வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் உலகம் முழுக்கப் பறவைத் தோல்களைச் சேர்த்தபோது, காட்டுத் தரையில் தத்தும் குட்டை வால் பறவைகளுக்கெல்லாம் கைக்கு வந்த பெயரை வைத்தார்கள். நம் ஆசியாவின் பிட்டாக்களும் அதில் மாட்டின. 1860களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பறவையியலாளர் டேனியல் ஜிரோட் எலியட் பிட்டாக்களைப் பற்றி ஒரு பெரிய படநூல் வெளியிட்டார், அதன் தலைப்பிலேயே அவற்றை 'ஆன்ட்-த்ரஷ்' குடும்பம் என்கிறார். பிறகு அமெரிக்காவில் பிட்டா மாதிரியே உருண்டையாக, வாலே இல்லாத மாதிரி இருக்கும் வேறொரு கூட்டத்துக்கு 'ஆன்ட்பிட்டா' என்று பெயர் ஒட்டியது. ஆப்பிரிக்காவில் இன்னொரு குடும்பத்துப் பறவைக்கும் 'ஆன்ட்-த்ரஷ்' என்ற பெயர் உண்டு. ஆக எறும்பின் பெயர் பிட்டாவுக்கும் பிட்டாவின் பெயர் அந்த அமெரிக்கக் கூட்டத்துக்கும் போய், ஊர் பெயர் தெரியாதவர்கள் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த கதையாக ஆனது.

'பிட்டா' என்பது தெலுங்குச் சொல். குருவி என்று பொருள். ரங்கூனில் தெலுங்குக்காரர் யாரைக் கேட்டாலும் 'பிட்ட' என்றால் என்னவென்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் இந்தியப் பிட்டாவுக்கு ஆறுமணிக் குருவி என்று பெயர், விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும் கணக்காகக் கூவுவதால். எந்தப் படநூலின் பெயரையும்விட இது நல்ல பெயர், பறவையைக் கேட்டவன் வைத்த பெயர்.

சொந்தம் அடியோடு பொய்யா என்றால், அதுவும் இல்லை. குருவி வரிசைப் பறவைகளில் இரண்டு பெரிய கிளைகள். ஒன்று பாட்டைக் கேட்டுக் கற்கும் பாடும் பறவைகள்: காகம், மைனா, சிட்டு, கரிச்சான் எல்லாம் அதில் வரும். மற்றொன்றில் குரல்பெட்டியின் அமைப்பே வேறு, பாட்டு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. எறும்புப் பறவைகள் இந்த இரண்டாவது கிளை. பிட்டாக்களும் அதே கிளை. அதாவது கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் பிரிந்த தூரத்துப் பங்காளிகள். எலியட் காலத்துப் பெயர் தவறான காரணத்துக்காக வைக்கப்பட்டு, ஏறக்குறைய சரியான திசையில் போய் நின்றிருக்கிறது!

படத்தைப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

1. முதலில் ஊர், பிறகுதான் இறகு. செயலியில் நாடு எது என்று பொருத்தாமல் படத்தை மட்டும் கொடுத்தால் அது உலகத்துப் பறவைகள் எல்லாவற்றிலிருந்தும் தேடும். மியன்மார் என்று பொருத்திவிட்டாலே அமெரிக்கப் பெயர்களில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். பத்தில் ஒன்பது குழப்பம் இங்கேயே தீர்கிறது என்பது என் அனுபவக் கணக்கு.

2. நிற்கும் விதம். முழுநேர எறும்புப் பறவை செங்குத்துத் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் நிற்கும். பிட்டா தரையில் நிமிர்ந்து நின்று, நீண்ட காலால் தத்தி, சருகைப் புரட்டும். பிட்டாவின் வாலை வெட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

3. ஆணும் பெண்ணும். எறும்புப் பறவைகளில் பல வகைகளில் ஆண் கறுப்பு அல்லது சாம்பல், பெண் பழுப்பு அல்லது செம்பழுப்பு. ஒரே வகையை இரண்டு வகையாக எண்ணிவிடுவது அங்கே சாதாரணம். விதிவிலக்கு வெள்ளைத் தாடி எறும்புப் பறவை, பித்திஸ் ஆல்பிஃப்ரான்ஸ். 1766-இல் லின்னேயஸ் பெயரிட்டது. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். சுமார் 20 கிராம் எடை, சாம்பல் முதுகு, செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேலே எழுந்து நிற்கும் வெள்ளைக் கொண்டை, தாடைக்குக் கீழே வெள்ளைத் தாடி. அமேசானின் வடபகுதிக் காடுகளில் எறும்புப் படைக்குப் பின்னால் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுதான். தனக்கென்று எல்லை போட்டுக் காவல் காக்காமல், படை எங்கேயோ அங்கே போய்க்கொண்டே இருக்கும்.

4. கண்ணைச் சுற்றி. சில எறும்புப் பறவைகளுக்குக் கண்ணைச் சுற்றி இறகில்லாத வெறும் தோல், நீலத்திலோ சிவப்பிலோ பளிச்சென்று தெரியும். பிட்டாவுக்கு இது கிடையாது.

5. முதுகில் ஒளிந்திருக்கும் வெள்ளை. பல வகைகளுக்கு முதுகு இறகுகளின் அடிப்பகுதி வெள்ளை. சும்மா இருக்கும்போது தெரியாது, கோபம் வந்தால் விரித்துக் காட்டும்.

6. குரல். இதற்குத் தனியாக இடம் வேண்டும்.

குரல்தான் அடையாள அட்டை

எறும்புப் பறவை வாழும் இடத்தில் வெளிச்சம் குறைவு. நல்ல பகலிலும் அரையிருட்டு. அங்கே நிறத்தை நம்பி வாழ முடியாது, பறவையும் நம்பவில்லை, ஆராய்ச்சியாளர்களும் நம்புவதை விட்டார்கள். பாட்டு பிறவியிலேயே வருவதால் தாய் தந்தையிடம் கேட்டுப் பழகி ஊருக்கு ஊர் மாறும் வாய்ப்பு மிகக் குறைவு, எனவே பாட்டில் தெளிவான வித்தியாசம் தெரிந்தால் அது ரத்தத்திலேயே உள்ள வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மார்ட்டன் ஐஸ்லர், ஃபிலிஸ் ஐஸ்லர், பிரெட் விட்னி மூவரும் 1998-இல் இதற்கு ஓர் அளவுகோலே வகுத்தார்கள். ஒரே காட்டில் கலக்காமல் வாழும் நெருங்கிய வகைகள் குரலில் எத்தனை அம்சங்களில் வேறுபடுகின்றன என்று அளந்து பார்த்தார்கள். குறைந்தது மூன்று என்று வந்தது. சரி, அப்படியானால் வெவ்வேறு இடத்தில் வாழும் இரண்டு கூட்டங்கள் மூன்று அம்சங்களில் வேறுபட்டால் அவற்றைத் தனித்தனி வகை என்று கருதலாம் என்றார்கள். இந்தக் கோலால் அளந்து, ஹிப்போக்னெமிஸ் கான்டேட்டர் என்று ஒரே வகையாக எண்ணிவந்த எறும்புப் பறவையை 2007-இல் ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. காதுக்கு வேறு வேறு.

அதனால் காட்டில் ஒரு பறவையைப் பார்த்தால் படத்தோடு நிறுத்தாமல் கைப்பேசியை அதன் பக்கம் நீட்டி அரை நிமிடம் ஒலியைப் பதிவு செய்யுங்கள். பிட்டாவுக்கும் இது பொருந்தும், மழைக்காலத்தில் அதைப் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம்.

அப்படியானால் பர்மாவில் நீங்கள் பார்த்தது எது?

'எறும்புப் பறவை' என்று வரும் பழுப்புப் பறவைப் படங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது காதுப் பிட்டாவை. பிட்டா என்றால் வண்ணம் என்று நினைத்திருப்பவர்களை இது ஏமாற்றிவிடும். உடம்பெல்லாம் பழுப்பு, மார்பில் செதில் மாதிரிக் கோலம், கண்ணுக்கு மேலிருந்து பின்னோக்கி ஓடும் வெளிர் இறகுகள் தலைக்குப் பின்னால் இரண்டு காது மாதிரி நீண்டு நிற்கும். மூங்கிலும் பசுமைக் காடும் கலந்த இடத்தில் சருகோடு சருகாக நின்றால் இரண்டடி தள்ளி இருந்தாலும் தெரியாது. இதற்கு 1862-இல் எட்வர்ட் பிளித் வைத்த அறிவியல் பெயரில் 'ஃபேரி' என்று வருவது, பிரிட்டிஷ் பர்மாவின் முதல் தலைமை ஆணையர் ஆர்தர் ஃபேர் நினைவாக. இன்றைய பன்சொடான் தெருவை ஃபேர் தெரு என்று சொன்ன தலைமுறை ரங்கூன் தமிழர்களிடையே இன்னும் இருக்கிறது. தெருவுக்குப் பெயர் மாறிவிட்டது, பறவையிடம் ஃபேர் அப்படியே இருக்கிறார்.

வண்ணமாக இருந்தால் நீலச்சிறகுப் பிட்டா. பச்சை முதுகு, பளீர் நீலச் சிறகு, சிவந்த அடிவயிறு, கண்ணை ஒட்டி அகலக் கறுப்புப் பட்டை. மழையோடு வந்து கூடு கட்டி, பிறகு தெற்கே மலாயாப் பக்கம் போய்விடும். அப்புறம், தரையில் இரை தேடும் சிலம்பன்கள், இவை வேறு கிளை, பாடும் பறவைகள். அமேசானில் எறும்புப் பறவைகள் செய்யும் வேலையில் பெரும்பகுதியை நம் காட்டில் செய்வது இந்தச் சிலம்பன்கள்தான்.

உண்மையிலேயே எறும்பு தின்னும் பறவை வேண்டுமா? செம்பழுப்பு மரங்கொத்தி இருக்கிறது. மரத்தில் எறும்புகள் கட்டிய அட்டை மாதிரிப் புற்றையே குடைந்து, எறும்பு உள்ளே இருக்கும்போதே அதில் முட்டையிடும். 'எறும்புப் பறவை' என்ற பட்டத்துக்கு அமெரிக்கக் குடும்பத்தைவிட இதற்குத்தான் பொருத்தம் அதிகம்.

சரி, நம்மிடம் படையெறும்பே இல்லையா? இருக்கின்றன. ஆனால் ஆசியாவின் டோரிலஸ் வகைகள் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் வேட்டையாடுபவை, ஈனிக்டஸ் வகைகள் அதிகமும் மற்ற எறும்புகளின் குஞ்சுகளைக் கொள்ளையடிப்பவை. தரையையே கலக்கிப் பூச்சியை எழுப்பும் பெரிய படையெடுப்பு தினமும் நடப்பதில்லை. பந்தி இல்லாத ஊரில் பந்திக்கு முந்துபவன் எங்கிருந்து வருவான்?

காடு துண்டானால்

முன்பு பிடித்துவைத்த கண்ணிக்கு வருவோம். 1914-இல் முடிந்த பனாமாக் கால்வாய்க்காக ஆற்றை அணைகட்டித் தேக்கியபோது, ஒரு குன்று மட்டும் தீவாக மிஞ்சியது. பாரோ கொலராடோ தீவு, சுமார் 1,500 ஹெக்டேர். எட்வின் வில்லிஸ் 1960களில் அங்கே எறும்புப் பறவைகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார். முன்வரிசையின் நடு இடத்தைப் பிடிக்கும் பெரிய வகை அவர் கண் முன்னாலேயே குறைந்துகொண்டு போய், கடைசியில் தீவிலிருந்து அற்றுப்போனது. காடு இருந்தது, எறும்பும் இருந்தது, இடம் போதவில்லை.

பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979-இல் தொடங்கிய ஆய்வில் 1, 10, 100 ஹெக்டேர் துண்டுகளாகக் காட்டைப் பிரித்துவிட்டுப் பார்த்தார்கள். சின்னத் துண்டுகளிலிருந்து முதலில் காணாமல் போனவற்றில் முழுநேர எறும்புப் பறவைகள் அடக்கம். இடையில் வெட்டவெளி இருந்தால் இவை தாண்டத் தயங்கும். எறும்பு நிலைமை அதைவிட மோசம்: படையெறும்பு ராணிக்கு இறக்கை கிடையாது, கூட்டம் இரண்டாகப் பிரிந்து நடந்துதான் பரவ வேண்டும், அதனால் ஒரு துண்டில் எறும்பு அற்றுப்போனால் பறந்து வந்து நிரப்ப ஆளில்லை.

நம் பக்கத்தில் எறும்புப் படை நடுவில் இல்லை, ஆனால் தாழ்நிலக் காட்டின் தரையையே நம்பியிருக்கும் பறவைக்கு நேர்வது கிட்டத்தட்ட அதுதான். உதாரணம் கர்னியின் பிட்டா. 1875-இல் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் (பத்து வருஷம் கழித்துக் காங்கிரசைத் தொடங்கிய அதே ஹியூம்) தெனாசரிமில் வில்லியம் டேவிசன் சேகரித்ததை வைத்துப் பெயரிட்டது. ஆணுக்கு நீல உச்சி, கறுத்த வயிறு, மஞ்சள் விலாவில் கறுப்பு வரிகள். பெண்ணுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு உச்சி, வெளிர் வயிற்றில் மெல்லிய வரிகள். உலகத்திலேயே தெனாசரிமிலும் அதை ஒட்டிய தென் தாய்லாந்திலும் மட்டும்தான் வாழ்ந்து வந்திருக்கிறது. மலையேறாது, சமவெளிக் காடுதான் வேண்டும், பாமாயில் தோட்டத்துக்கும் ரப்பருக்கும் முதலில் போவதும் அந்தச் சமவெளிதான். பல பத்தாண்டுகள் கண்ணில் படாமல் இருந்து, 1986-இல் தாய்லாந்திலும் 2003-இல் தனிந்தாயியிலும் (தெனாசரிமின் இன்றைய பெயர்) மறுபடி கண்டுபிடித்தார்கள்.

இதை எழுதுவதற்கு இதுவே முக்கியக் காரணம். தவாய், மெய்க் பக்கத்துச் சமவெளிக் காட்டில் எடுத்த படத்துக்குச் செயலி சொன்ன ஓர் அமெரிக்கப் பெயரைப் போட்டு அனுப்பினால், தேடுகிறவர்கள் கண்ணுக்கு அது எட்டாமலேயே போய்விடும். பெயர் தெரியாவிட்டால் 'பிட்டா வகை, உறுதியில்லை' என்று எழுதுங்கள், தேதி போடுங்கள், ஒலியைச் சேருங்கள், ஆணா பெண்ணா என்று பிரிக்க வயிறு தெரிகிற படமாக ஒன்றைக் கொடுங்கள். இடத்துக்கு மாவட்டப் பெயர் போதும். ஓடை, மைல்கல், தோட்டத்துக்காரர் பெயர் எதுவும் வேண்டாம். 1986-இல் தாய்லாந்தில் அது உயிரோடு இருக்கிறது என்ற துப்பே கள்ளப் பறவை வியாபாரம் வழியாகத்தான் வெளியே வந்தது.